ஃபாஸ்டிங் சுகர் நார்மல்... ஆனாலும் சர்க்கரை நோய் வருமா? ரிப்போர்ட்டில் தெரியாத இன்சுலின் கணக்கு!

"ஃபாஸ்டிங் 96தான்... நார்மல்!" லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்ததும் நம்மில் பலர் பார்ப்பது இந்த ஒரு எண்ணைத்தான். அது 100-க்குக் கீழே இருந்துவிட்டால், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவோம்.

ஆனால் டைப் 2 சர்க்கரை நோய் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. சுகர் எண் எல்லையைத் தாண்டுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, உடலில் இன்சுலின் சுரக்கும் விதம் மாறத் தொடங்கிவிடுகிறது. அந்த மாற்றம் ரத்தத்தில் சில தடயங்களை விட்டுச் செல்கிறது. அவை என்னென்ன? எந்த டெஸ்ட்டில் தெரியும்? ஹெல்த் செக்கப் பேக்கேஜில் 'இன்சுலின் டெஸ்ட்' என்று சேர்த்து விற்கிறார்களே, அது எல்லோருக்கும் தேவையா? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன், சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைத்து நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியாகின. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதைவிடப் பெரிய எண் ஒன்றும் அதில் இருந்தது. 13.6 கோடிப் பேர் ப்ரீ-டயபடீஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

இந்த 13.6 கோடிப் பேரில் எல்லோருக்கும் சர்க்கரை நோய் வந்தே தீரும் என்பதில்லை. யார் சமாளித்துக்கொள்வார்கள், யார் நோயாளி ஆவார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அவர்களின் கணையம் எவ்வளவு இன்சுலினை, எவ்வளவு வேகமாகச் சுரக்க முடிகிறது என்பதுதான்.

இன்சுலின் எப்படிச் சுரக்கிறது?

வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு கணையம். அதற்குள் தீவுகள் மாதிரி சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் கண்டறிந்தார். அதனால்தான் அவற்றுக்கு 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்று பெயர். அந்தத் தீவுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைத் தயாரிக்கின்றன.

ரத்தத்தில் சுகர் ஏறத் தொடங்கியதும் பீட்டா செல்கள் இரண்டு கட்டமாக வேலை செய்கின்றன. ஏற்கெனவே தயாரித்து ஸ்டாக் வைத்திருக்கும் இன்சுலினை முதல் சில நிமிடங்களில் மளமளவென்று வெளியே விடுகின்றன. இது முதல் கட்டம். அதன் பிறகு, தேவை இருக்கும்வரை நிதானமாகச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இது இரண்டாம் கட்டம்.

முதல் கட்டச் சுரப்பு சில நிமிடங்கள்தான். ஆனால் அதன் வேலை பெரிது. 'சாப்பாடு வந்தாச்சு, நீ சுகர் அனுப்புறதை நிறுத்து' என்று கல்லீரலுக்குத் தகவல் சொல்வது அதுதான். டைப் 2 சர்க்கரை நோய் உருவாகும் பாதையில், முதலில் மங்கத் தொடங்குவதும் இந்த முதல் கட்டச் சுரப்புதான்.

கோளாறு எங்கே ஆரம்பிக்கிறது?

பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துதான் நோயை உருவாக்குகின்றன.

ஒன்று, இன்சுலின் எதிர்ப்பு. வயிற்றுச் சதை, கல்லீரலில் சேரும் கொழுப்பு, உடலுழைப்பு இல்லாமை, பரம்பரை எனப் பல காரணங்களால் தசைகளும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் அதே வேலைக்கு அதிக இன்சுலின் தேவைப்படுகிறது.

இரண்டு, சுரப்புக் குறைவு. கூடிவிட்ட தேவைக்கு ஏற்ப பீட்டா செல்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது.

வீட்டு மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். பைப்பில் அடைப்பு. முன்பு 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது மோட்டார் 40 நிமிடம் ஓடுகிறது. ஆனாலும் தொட்டி நிரம்பிவிடுகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதனால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. மோட்டார் திணறும்போதுதான் தொட்டியில் தண்ணீர் குறைவது தெரியும். ரத்த சுகர் என்பது தொட்டியின் மட்டம். பீட்டா செல்தான் மோட்டார். நாம் வருஷாவருஷம் தொட்டியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எத்தனை வருஷம் முன்பே தொடங்குகிறது?

இதைத் தெளிவாகக் காட்டியது பிரிட்டனில் அரசு ஊழியர்களிடம் நடந்த 'வைட்ஹால் 2' ஆய்வு. சர்க்கரை நோய் இல்லாத 6,538 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 505 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நோய் உறுதியான நாளிலிருந்து பின்னோக்கிப் போய், அவர்களின் பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2009-ல் லான்செட் இதழில் வெளியான அந்த முடிவுகள் சொல்வது இதுதான்:

நோய் வருவதற்கு சுமார் 5 வருஷம் முன்பு, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் தன்மை வேகமாகச் சரிகிறது.

அதைச் சமாளிக்க, 4 முதல் 3 வருஷம் முன்புவரையிலான காலத்தில் பீட்டா செல்களின் உழைப்பு கூடுகிறது.

அதற்கு மேல் முடியாமல் அந்த உழைப்பு இறங்கத் தொடங்குகிறது. கடைசி 3 வருஷத்தில் ஃபாஸ்டிங் சுகர் சட்டென்று மேலே ஏறுகிறது.

பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 20 வருஷம் நடந்த 'யுகேபிடிஎஸ்' ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது. 'உங்களுக்கு சுகர் இருக்கு' என்று முதன்முதலில் சொல்லப்படும் நாளிலேயே, பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்தச் சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தபோது, சரிவு 10 வருஷத்துக்கும் முன்பே தொடங்கியிருக்கலாம் எனக் கணக்கிட்டார்கள்.

ரத்தத்தில் தெரியும் தடயங்கள் என்னென்ன?

மருத்துவர்கள் இவற்றை 'பயோமார்க்கர்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, எங்கே ஏமாற்றும் என்று பார்க்கலாம்.

1. ஃபாஸ்டிங் சுகர்: குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுப்பது. டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். 100 முதல் 125 வரை ப்ரீ-டயபடீஸ் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு 110 முதல் 125 வரை என்று வரையறுக்கிறது. ஒரே ரிப்போர்ட்டுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. எச்பிஏ1சி: கடந்த 2, 3 மாதங்களின் சராசரி சுகர். 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை ப்ரீ-டயபடீஸ். ஆனால் இது ரத்தச் சிவப்பணுக்களை நம்பியிருக்கும் டெஸ்ட். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எண் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைவாகக் காட்டலாம். ரத்தசோகை இருப்பவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

3. குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட்: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 முதல் 199 வரை ப்ரீ-டயபடீஸ். 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஒரு மணி நேரத்திலேயே பார்க்கலாம் என்று சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு 2024-ல் பரிந்துரைத்தது. ஒரு மணி நேர அளவு 155-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 209-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

4. ஃபாஸ்டிங் இன்சுலின், ஹோமா-ஐஆர்: வெறும் வயிற்றில் இருக்கும் இன்சுலின் அளவையும் சுகர் அளவையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைப்பது ஹோமா-ஐஆர். இன்சுலின் எதிர்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1985-ல் தந்த கணக்கு. இதில் இருக்கும் சிக்கலைக் கீழே பார்ப்போம்.

5. சி-பெப்டைட்: இன்சுலின் முதலில் 'ப்ரோஇன்சுலின்' என்ற முழு வடிவில்தான் உருவாகிறது. அதை வெட்டும்போது ஒரு துண்டு இன்சுலின், இன்னொரு துண்டு சி-பெப்டைட். இரண்டும் சம எண்ணிக்கையில் வெளியே வரும். சுரந்த இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சமும் சில நிமிடங்களில் மறையும். சி-பெப்டைட்டைக் கல்லீரல் தொடுவதில்லை. அது சுமார் அரை மணி நேரத்தில்தான் பாதியாகக் குறையும். அதனால் கணையம் எவ்வளவு சுரந்தது என்பதற்கு இது நம்பகமான சாட்சி. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த எண் தவறாகக் கூடுதலாகத் தெரியும்.

6. ப்ரோஇன்சுலின்: அவசர ஆர்டரில் திணறும் பட்டறை, வேலை முடியாத சரக்கையும் சேர்த்து அனுப்பிவிடும் அல்லவா? அழுத்தத்தில் இருக்கும் பீட்டா செல்களும் அப்படித்தான். இன்சுலினோடு ஒப்பிடும்போது ப்ரோஇன்சுலினின் பங்கு கூடினால், செல்கள் தடுமாறுகின்றன என்று பொருள். இது பெரும்பாலும் ஆய்வுகளில்தான் பயன்படுகிறது.

7. அமினோ அமிலங்கள்: அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், சுகர் நார்மலாக இருந்தவர்களின் ரத்தத்தை எடுத்து வைத்து 12 வருஷம் கவனித்தார்கள். லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய 5 அமினோ அமிலங்கள் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 2011-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இது. ஸ்வீடனின் மால்மோ நகர மக்களிடமும் இதே போக்கு உறுதியானது. ஆனால் தனிநபருக்கான வழக்கமான டெஸ்ட்டாக இது இன்னும் மாறவில்லை.

8. சாதாரண ரிப்போர்ட்டிலேயே இருக்கும் குறிகள்: டிரைகிளிசரைடு அதிகம், நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைவு, கல்லீரல் டெஸ்ட்டில் ஏஎல்டி என்ற எஸ்ஜிபிடி கூடுதல். இவை மூன்றும் சேர்ந்து வந்தால், கல்லீரலில் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இதற்குத் தனிச் செலவே இல்லை. ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தாலே போதும்.

'இன்சுலின் நார்மல்' என்றால் நிம்மதியா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு மட்டுமே.

முதல் நபர்: ஃபாஸ்டிங் சுகர் 90, இன்சுலின் 9 யூனிட். ஹோமா-ஐஆர் கணக்கு, 90 பெருக்கல் 9, வகுத்தல் 405. விடை 2.

இரண்டாவது நபர்: ஃபாஸ்டிங் சுகர் 108, இன்சுலின் 7.5 யூனிட். 108 பெருக்கல் 7.5, வகுத்தல் 405. இவருக்கும் விடை 2.

ஹோமா-ஐஆர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இரண்டாவது நபரின் இன்சுலின் 'குறைவாக' வேறு இருக்கிறது. பார்த்தால் அவர்தான் ஆரோக்கியமானவர் போலத் தெரியும். ஆனால் அதே ஹோமா முறையில் பீட்டா செல் திறனைக் கணக்கிட இன்னொரு வாய்ப்பாடு இருக்கிறது. இன்சுலினை 360-ஆல் பெருக்கி, சுகரிலிருந்து 63-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். முதல் நபருக்கு 120 சதவீதம் வருகிறது. இரண்டாவது நபருக்கு 60 சதவீதம்தான்!

காரணம் எளிது. சுகர் 108 இருக்கும்போது கணையம் அதிகமாகச் சுரந்திருக்க வேண்டும். அவருக்கோ குறைவாகச் சுரக்கிறது. ஆகவே இன்சுலின் அளவைத் தனியாகப் பார்த்து 'நல்லது, கெட்டது' என்று சொல்லவே முடியாது. அந்த நேரத்தில் சுகர் எவ்வளவு, உடல் எவ்வளவு இன்சுலினைக் கேட்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். போதாக்குறைக்கு, இன்சுலின் அளவு ஒரே நபருக்கு நாளுக்கு நாள் மாறும், லேபுக்கு லேப் அளக்கும் முறையும் மாறும். இதனால்தான் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கும் அதிகாரபூர்வ அளவுகோல்களில் ஃபாஸ்டிங் இன்சுலினுக்கு இடமே இல்லை.

நம்ம ஊர் உடம்பு எப்படி?

இதுவரை பார்த்தது பெரும்பாலும் வெள்ளையர்களிடம் நடந்த ஆய்வுகள். இந்தியர்களின் கதை கொஞ்சம் வேறு. அதற்கான முக்கிய ஆதாரங்கள் சென்னையிலிருந்தே கிடைத்திருக்கின்றன.

சென்னையில் சர்க்கரை நோய் இல்லை என்று நினைத்திருந்த 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து, இன்சுலின் சுரப்பை அளந்தார்கள். 2013-ல் டயபடீஸ் கேர் இதழில் வெளியான முடிவு: சுகர் லேசாக ஏறியிருந்தவர்களிடமே பீட்டா செல் திறன் குறைந்திருந்தது. வயது, உடல் எடை, இன்சுலின் எதிர்ப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தக் குறைவு மறையவில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பூர்வகுடியினர், சர்க்கரை நோய் மிக அதிகம் உள்ள சமூகம். அவர்களில் உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் அதிகம். அவர்களோடு சென்னைவாசிகளை ஒப்பிட்ட ஆய்வில், நம்மவர்களுக்குப் பருமனும் எதிர்ப்பும் குறைவு. ஆனால் இன்சுலின் சுரப்பும் கணிசமாகக் குறைவு. 'நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி சுகர்?' என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

2020-ல், இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ள 19,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை ஆராய்ந்து, டைப் 2 நோயாளிகளை 4 வகையாகப் பிரித்தார்கள். சுமார் கால்வாசிப் பேர் 'கடுமையான இன்சுலின் குறைபாடு' வகையில் வந்தார்கள். சுரப்புக் குறைவும் இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்திருக்கும் ஒரு வகையும் தனியாகத் தெரிந்தது.

அப்போ எந்த டெஸ்ட் எடுக்கலாம்?

சுரப்புதான் நம் பலவீனம் என்றால், அதைச் சோதிக்கும் நேரமும் முக்கியம். வெறும் வயிற்றில் உடலுக்குத் தேவைப்படும் இன்சுலின் கொஞ்சம்தான். குடும்பமே ஊருக்குப் போயிருக்கும்போது மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று சொல்வது மாதிரி அது. பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து குளிக்க வரிசையில் நிற்கிற காலையில்தான் மோட்டாரின் நிலை தெரியும். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் அந்தப் பொங்கல் காலை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு எடுக்கும் 'ஆஃப்டர் ஃபுட்' டெஸ்ட் இதற்கு முழுமையான மாற்று அல்ல.

யார் இதைக் கேட்டு எடுக்க வேண்டும்? ரத்தமே எடுக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் சென்னையில் உருவான 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்'. நீங்களே கூட்டிப் பாருங்கள்:

வயது: 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.

இடுப்பளவு: ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் கீழே 0. ஆண்களுக்கு 90 முதல் 99, பெண்களுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கு மேல் 20.

உடலுழைப்பு: உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.

குடும்பம்: அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இல்லையென்றால் 0, ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20.

மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம். உதாரணமாக 38 வயது ஆண், இடுப்பு 94 செ.மீ., நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, அம்மாவுக்கு சுகர். கூட்டினால் 70! இவரின் ஃபாஸ்டிங் 96 என்றாலும், 'எனக்கு குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கணுமா சார்?' என்று டாக்டரிடம் கேட்பதுதான் சரி. கர்ப்ப காலத்தில் சுகர் இருந்த பெண்களும், பிசிஓஎஸ் உள்ளவர்களும் மதிப்பெண் எவ்வளவு என்றாலும் கேட்க வேண்டும்.

சி-பெப்டைட், ஃபாஸ்டிங் இன்சுலின் போன்றவற்றை டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதினால் எடுக்கலாம். நோய் டைப் 1-ஆ, டைப் 2-ஆ என்ற சந்தேகம் வரும்போது சி-பெப்டைட் மிகவும் உதவும். பேக்கேஜில் இருக்கிறதே என்பதற்காக மட்டும் எடுக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன்?

நிறையவே இருக்கிறது. சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம், ப்ரீ-டயபடீஸ் நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து 3 வருஷம் கவனித்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு, நடைப்பயிற்சி எனப் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5 சதவீதம். அதாவது, தினசரிப் பழக்கங்களை மாற்றியது மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது.

நோய் வந்த பிறகும் கதவு உடனே மூடிவிடுவதில்லை. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில், நோய் வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் கணிசமாக எடை குறைத்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலேயே சுகர் நோய் எல்லைக்குக் கீழே வந்தது. அப்படிக் குணம் தெரிந்தவர்களிடம், மங்கிப்போயிருந்த முதல் கட்ட இன்சுலின் சுரப்பும் ஓரளவு திரும்பியது. திணறிய பீட்டா செல்கள் எல்லாமே செத்துப்போய்விடுவதில்லை, சுமை குறைந்தால் சில மறுபடி எழுந்து உட்காரும் என்பதற்கு இது ஆதாரம். ஆனால் சீக்கிரம் கவனித்தவர்களுக்கே இந்த வாய்ப்பு அதிகம். பல வருஷம் கழிந்தால் குறைந்துகொண்டே போகும்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வில் கொடுத்தது மிகக் குறைந்த கலோரி உணவு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதை யூடியூப் பார்த்து வீட்டில் முயன்றால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தவும் கூடாது. அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது ஆகிய அறிகுறிகள் இருந்தால் அபாய மதிப்பெண் எல்லாம் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஃபாஸ்டிங் சுகர் நார்மல் என்பது நல்ல செய்திதான், முழுச் செய்தி அல்ல. அபாய மதிப்பெண் 60-ஐத் தொட்டவர்கள் குளுக்கோஸ் டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். 86, 91, 96 என்று வருஷத்துக்கு வருஷம் ஏறும் எண்கள் மூன்றுமே 'நார்மல்'தான். ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒற்றை ரிப்போர்ட் சொல்லாத சேதி தெரியும்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலை தொடர்பான முடிவுகளை மருத்துவரின் ஆலோசனையின்படி எடுக்கவும்.)